ஆர்தெமீசியாவின் ஓவியத்தில் பிறர் போர்த்திய துணி: நீக்கியிருக்க வேண்டாமா?

செந்தூரம் (இழையைத் தொடங்கியவர்)

ஃபுளோரன்சில் கிபெல்லினா தெருவில் காசா புவொனரோத்தி என்று ஒரு சிறிய அருங்காட்சியகம். மைக்கேலாஞ்சலோவின் குடும்பத்து வீடு. அதன் கூடத்து விதானத்துக்காக இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கி 1615–16இல் வரைந்த எண்ணெய் ஓவியம் 'உள்ளார்ந்த நாட்டம்'. மைக்கேலாஞ்சலோவின் பிறவித் திறனை ஒரு பெண்ணாக உருவகித்த படம்: மேகத்தின் மேல் ஆடையில்லாத பெண், கையில் திசைகாட்டி, தலைக்கு மேல் விண்மீன். உயரம் சுமார் 152 செ.மீ., அகலம் 61 செ.மீ. வரைந்தவருக்கு அப்போது 22 வயது, வயிற்றில் குழந்தை. கிடைத்த கூலி 34 ஃபுளோரின்; அந்த விதான ஓவிய வரிசையில் மற்ற ஓவியர்கள் பெற்றதைப்போல் மூன்று மடங்கு. 1616இல் ஃபுளோரன்ஸ் ஓவியக் கழகம் முதன்முதலாக ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அது இவர்தான்.

1684 வாக்கில் அதே குடும்பத்து லியோனார்தோ புவொனரோத்தி, மனைவி மக்கள் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்று பல்தசாரே பிரான்செஸ்கினி என்ற வோல்தெர்ரானோவை அழைத்து உடலின் மேல் துணி வரையச் சொன்னார். அந்தத் துணி இன்றும் அங்கேயே இருக்கிறது.

2022 அக்டோபரில் படத்தை இறக்கி, எக்ஸ்ரே, அகச்சிவப்பு, புறஊதா என எல்லாச் சோதனையும் செய்து சுத்தப்படுத்தினார்கள். துணியை மட்டும் தொடவில்லை. அதற்குப் பதில் அடியிலிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் ஒரு படம் உருவாக்கி, 2023 செப்டம்பர் முதல் 2024 ஜனவரி வரை நடந்த கண்காட்சியில் காட்டினார்கள்.

இது தவறான முடிவு என்பது என் வாதம். வோல்தெர்ரானோ இங்கே ஓவியராக வரவில்லை; ஒரு வீட்டுக்காரரின் கூச்சத்தைப் பூச வந்தார். அதே ஊரில், ஆர்னோ ஆற்றின் மறுகரையில், பிரான்காச்சி சிற்றாலயத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் மசாச்சோவின் ஆதாம் ஏவாள் மேல் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த இலைகளை 1980களில் எடுத்துவிட்டார்கள். மசாச்சோவுக்குக் கிடைத்தது ஆர்தெமீசியாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

---

கித்தான்

ஒப்பீடே சரியில்லை. மசாச்சோவுடையது ஈரச்சுண்ணத்தில் வரைந்த சுவரோவியம். சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகும்போது நிறமி அதற்குள் சிறைப்படும். மேலே வந்த இலைகளோ காய்ந்த சுவர்மேல் பசை கலந்து பூசியவை. கீழே கல், மேலே பசை. நீரையும் மென்மையான கரைப்பானையும் வைத்தே இரண்டையும் பிரிக்கலாம்.

இங்கே கீழேயும் எண்ணெய், மேலேயும் எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துத் தன் மூலக்கூறுகளைத் தானே பின்னிக்கொண்டு கெட்டிப்படுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாளில் வரும். உள்ளே பின்னல் முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆர்தெமீசியாவின் பூச்சுக்கும் வோல்தெர்ரானோவின் பூச்சுக்கும் இடைவெளி 68 ஆண்டுதான். இன்று ஒன்றுக்கு 400 வயது தாண்டிவிட்டது, மற்றொன்றுக்கு 340. வேதியியல் கண்ணில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள். மேலதைக் கரைக்கும் எதுவும் கீழதையும் ஊறவைக்கும்.

ஊறினால் என்ன ஆகும்? எண்ணெய்ப் படலம் உப்பும். அப்போது அதற்குள்ளிருக்கும் பின்னாத சிறு மூலக்கூறுகள் கரைப்பானோடு வெளியேறும். கரைப்பான் ஆவியானதும் படலம் சுருங்கும், நொறுங்கும் தன்மை வரும், சில இடங்களில் வெளிறிப்போகும். முதலில் அடிபடுவது கிளேஸ் எனப்படும் ஒளிபுகும் மெல்லிய பூச்சு. அதில் எண்ணெய் மிகுதி, நிறமி குறைவு. சதையின் நிழலும் இளஞ்சூடும் அதில்தான் இருக்கின்றன. நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடமே முதலில் போய்விடும்.

முடிவெடுத்தவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணங்கள் இரண்டு. துணியின் பூச்சு தடிமனானது, அதை எடுத்தால் அடியில் உள்ளவை சேதமாகும் என்பது ஒன்று. வோல்தெர்ரானோவும் மதிக்கத்தக்க பரோக் பாணி ஓவியர், அவர் கை இப்போது படத்தின் வரலாற்றில் சேர்ந்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டாவதை நீங்கள் ஏற்காமல் போகலாம். முதலாவதைத் தாண்ட முடியாது.

---

செந்தூரம்

எண்ணெய்மேல் எண்ணெய் என்றால் முடியவே முடியாது என்கிறீர்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் என்ன நடந்தது?

டச்சு ஓவியர் வெர்மீரின் 'சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்'. பின்சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு மன்மதன் படம் மறைந்திருக்கிறது என்று 1979இல் எக்ஸ்ரே காட்டியது. வெர்மீரே மறைத்தார் என்று நீண்ட நாள் நம்பினார்கள். 2017இல் தொடங்கிய ஆய்வில், அது அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் வேறு கை பூசியது என்று தெரிந்தது. கரைப்பானை ஒதுக்கிவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியால் துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுத்தார்கள். 2021இல் மன்மதன் முழுதாக வெளியே வந்தான். பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயப் பீடப் படத்திலும் 2012 முதல் இதே வேலைதான். வெளிக் கதவுப் பலகைகளின் பரப்பில் சுமார் 70 விழுக்காட்டைப் பழைய மேற்பூச்சு மூடியிருந்தது. எடுத்தார்கள்.

அவை இரண்டும் எண்ணெய்மேல் எண்ணெய் இல்லையா?

---

படிகக்கல்

நண்பர் செந்தூரம் காட்டிய இரண்டு எடுத்துக்காட்டும் சரி. ஆனால் அவை ஏன் பலித்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிரெஸ்டனில் இரண்டு எண்ணெய்ப் பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும் படிந்த அடுக்கு ஒன்று இருந்தது. அதுதான் வழிவிட்டது. மேற்பூச்சை அந்த அடுக்கு வரை செதுக்கிக்கொண்டு வந்து, வெர்மீரின் மேல் பழைய வார்னிஷின் மெல்லிய படலம் ஒன்றை மிச்சம் வைத்தார்கள். கத்தி வெர்மீரைத் தொடவே இல்லை. 'பிறகு வேறொருவர் பூசியது' என்பதற்குச் சாட்சியும் அதே அழுக்கு அடுக்குதான்: வரைந்த கையோடு மறைத்திருந்தால் நடுவில் அழுக்குப் படிய நேரமேது? கென்டிலும் இடையில் வார்னிஷ் இருந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: அந்தத் துணிக்கும் உடலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இதை அறிய அடுக்கு வெட்டு மாதிரி எடுப்பது வழக்கம். ஏற்கெனவே உள்ள விரிசலின் ஓரத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்கைக் கத்திநுனியால் எடுத்து, பிசினில் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைப்பார்கள். சாதாரண ஒளியில் அடுக்குகளின் நிறமும் நிறமித் துகளும் தெரியும். புறஊதா ஒளியில் வைத்தால் வார்னிஷ் அடுக்கு நீலம் கலந்த வெண்மையாய் ஒரு கோடு போல ஒளிரும். அழுக்கு இருந்தால் அதன்மேல் கருங்கோடு.

மூன்று விடைகளில் ஏதாவது ஒன்று வரலாம். தடித்த வார்னிஷ் கோடு: நம்பிக்கை உண்டு. கோடே இல்லை, இரண்டு பூச்சும் நேராக ஒட்டியிருக்கின்றன: கத்திக்கு வழியில்லை. மூன்றாவதுதான் மோசம். கீழ்ப்பூச்சில் முன்பே விரிசல் விட்டு, மேற்பூச்சு அந்த விரிசலுக்குள் இறங்கி உறைந்திருக்கும். மேலே உள்ளது பின்னால் வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் அந்தச் சாட்சியே ஆணிபோல இரண்டையும் பூட்டிவிடும். மேலதை நெம்பினால் கீழதன் விளிம்பும் பெயர்ந்து வரும்.

---

மண்டபத்தூண்

தஞ்சைப் பெரிய கோவிலில் இதே சிக்கல் வந்ததே, அதை யாரும் சொல்லவில்லை. கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சுதையோடு சேர்த்து உரித்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றியது. அடியிலிருந்த சோழர் ஓவியமும் வெளியே வந்தது. இரண்டு காலமும் பிழைத்தன. ஒன்றைக் கொன்றுதான் மற்றொன்றைக் காண வேண்டும் என்ற நிபந்தனையே வேண்டாம். வோல்தெர்ரானோவின் துணியை அப்படி உரித்து வேறு கித்தானில் ஏற்ற முடியாதா?

---

கித்தான்

நல்ல கேள்வி ஐயா. தஞ்சையில் முடிந்ததற்குக் காரணம் நாயக்கர் காலத்தார் நேராகச் சோழர் ஓவியத்தின் மேல் வரையவில்லை. அதன்மேல் புதிதாக ஒரு சுண்ணச் சுதை பூசி அதில் வரைந்தார்கள். அந்தச் சுதைக்குத் தடிமன் உண்டு, தனக்கென ஒரு உடல் உண்டு. முகத்தில் துணி ஒட்டி, பின்னால் நீண்ட தகடு செலுத்தி, ஒரு பலகையைப்போலப் பிரிக்கலாம்.

கித்தான் ஓவியத்தில் துணிமடிப்பு ஓரிடத்தில் தடிமனாக, மேடாக இருக்கும். அடுத்த விரற்கடையில் கீழே உள்ள சதை தெரியும் அளவுக்கு மெல்லியதாக ஓடும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான் அதன் உடல். அதை முழுதாக உரித்தெடுக்கும் முறை இன்று இல்லை. எடுப்பது என்றால் அழிப்பது என்று பொருள். வோல்தெர்ரானோவின் வேலை பஞ்சிலும் கத்திமுனையிலும் தூளாகப் போய்விடும், திரும்பி வராது.

இத்தாலியக் கலை அறிஞர் செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட மீட்டெடுப்புக் கோட்பாட்டில் இதற்கு ஒரு வாதமுறை உண்டு. வரலாற்றுக் கண்ணில் பின்னால் சேர்ந்தது இருக்க உரிமையுள்ளது. நீக்குபவர்தான் காரணம் காட்ட வேண்டும். அழகியல் கண்ணில் நேர்மாறு. வைத்திருப்பவர் காரணம் காட்ட வேண்டும். இரண்டும் மோதும்போது பொருளின் உடல்நிலை தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் படத்தில் உடல்நிலை சொல்லிவிட்டது.

---

செந்தூரம்

வரலாறு என்ற சொல்லை வேண்டிய இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள் கித்தான். அதே ஆர்தெமீசியாவின் 'ஹெர்குலிசும் ஓம்ஃபாலேயும்' படத்தை எடுத்துக்கொள்வோம். பெய்ரூட்டில் சுர்சொக் மாளிகையில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 துறைமுக வெடிப்பில் சன்னல் கண்ணாடி பறந்து கித்தானைக் கிழித்தது. லாஸ் ஏஞ்சலிசின் கெட்டி அருங்காட்சியகம் பழுதுபார்க்க எடுத்துச்சென்று, ஆண்டுக்கணக்கில் வேலை செய்து 2025இல் காட்சிக்கு வைத்தது. கிழிசல் தைக்கப்பட்டது, ஓட்டை நிரப்பப்பட்டது, நிறம் பூசப்பட்டது. பெய்ரூட் வெடிப்பு வரலாறு இல்லையா? நூற்றுக்கணக்கானோர் அதில் செத்தார்கள். அந்தத் தழும்பை மறைக்கலாம். ஒரு குடும்பத் தலைவரின் கூச்சத்தை மட்டும் 340 ஆண்டாகக் காப்பாற்ற வேண்டுமா?

---

கித்தான்

இந்த இழையில் இதுவரை வந்ததில் கனமான கேள்வி இதுதான். மேலோட்டமாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

கிழிசலில் என்ன செய்கிறார்கள் என்று பொதுவாகப் பார்ப்போம். முதலில் முகத்தில் மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டி, உதிரும் பூச்சைப் பிடித்துவைப்பது. அடுத்து, துணியிழைகளுக்குள் சிக்கிய கண்ணாடித் துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் இடுக்கியால் எடுப்பது. ஒன்று தங்கினாலும் பின்னால் அழுத்தும்போது பூச்சைக் குத்தும். கிழிந்த விளிம்பு சுருண்டு சுருங்கியிருக்கும். மிதமான ஈரம் கொடுத்து, எடை வைத்து, பல நாள் எடுத்துச் சமப்படுத்துவார்கள். அவசரப்பட்டு ஈரம் கூட்டினால் பழைய கித்தான் மேலும் சுருங்கும், பூச்சு கூரைபோல் எழும்பும். பிறகு இழைக்கு இழை சேர்ப்பது. ஸ்டர்ஜன் மீன்பசையும் கோதுமைமாப் பசையும் கலந்து ஊசிநுனியளவு வைத்து, இழைமுனைகளை எதிரெதிரே ஒட்டுவார்கள். இழை போய்விட்ட இடத்தில் புதிய லினன் இழை. குழியில் சுண்ணத்தூளும் முயல்தோல் பசையும் கலந்த நிரப்பு. அதைச் சுற்றியுள்ள பூச்சின் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்குவது. அதன்மேல் காப்பு வார்னிஷ். கடைசியில்தான் நிறம், அதுவும் குழிக்குள் மட்டும். எண்ணெய் வண்ணத்தை வைக்கவே மாட்டார்கள். நாளை மென்மையான கரைப்பானில் கரைந்து வந்துவிடும் செயற்கைப் பிசின் வண்ணம்தான்.

என்ன நடந்தது பாருங்கள். ஆர்தெமீசியாவின் பூச்சை அகற்றுவது இந்த வேலையில் இல்லை. சேர்த்தது அனைத்தும் திரும்ப எடுக்கக்கூடியது. வெடிப்பின் வரலாறு படங்களிலும் அறிக்கையிலும் முழுதாகப் பதிவாகியிருக்கிறது. நாளை யாராவது ஓட்டையைத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தால் நிறத்தை எடுத்துவிடலாம்.

வோல்தெர்ரானோவை எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. அவர் வரைந்ததும் ஒரு பொருள்; ஓட்டை என்பது பொருளின் இன்மை. வேறுபாடு அங்கே இருக்கிறது.

---

செந்தூரம்

திரும்பப் பெறமுடியாமை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அதை எல்லாருக்கும் ஒரே அளவில் யாரும் பயன்படுத்தவில்லை. வாட்டிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த 'இறுதித் தீர்ப்பு' சுத்தம் செய்யப்பட்டபோது 1990களில் பிந்திய காலத்துத் துணிகளை எடுத்தார்கள். டானியேலே டா வோல்தெர்ரா வரைந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

---

படிகக்கல்

ஒரு சிறு குறுக்கீடு, வழிகாட்டிகள் பலர் குழப்பிக்கொள்வதால். டானியேலே டா வோல்தெர்ரா வேறு, வோல்தெர்ரானோ வேறு. இருவரும் வோல்தெர்ரா ஊரில் பிறந்தவர்கள், இருவருமே மைக்கேலாஞ்சலோவோடு தொடர்புள்ள இடத்தில் துணி போர்த்தியவர்கள். ஆனால் நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

டானியேலேயின் வேலையில் ஒரு பகுதியை எடுக்க முடியாததற்கு வேறு காரணம் உண்டு. புனித கத்தரீனா, புனித பிளாசியுஸ் உருவங்கள் இருந்த இடத்தில் மைக்கேலாஞ்சலோவின் சுண்ணத்தையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். அடியில் எதுவும் இல்லை. ஆகவே அந்த எடுத்துக்காட்டு உங்கள் பக்கமும் நிற்காது, கித்தான் பக்கமும் நிற்காது.

காசா புவொனரோத்தியில் அடியில் ஆர்தெமீசியா இருக்கிறார் என்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அது பெரிய செய்தி. ஆனால் எக்ஸ்ரே எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சொல்லியாக வேண்டும். அது அடுக்குகளைப் பிரித்துக் காட்டாது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். துணியின் வெள்ளையும் ஈய வெள்ளை, சதையின் வெளிச்சமும் ஈய வெள்ளை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த நிழற்படத்திலிருந்து தொடையின் கோடு எது, மடிப்பின் கோடு எது என்று கண் பிரிக்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி பல நிறமிகளை ஊடுருவும், கரியை ஊடுருவாது. ஆகவே அடிக்கோடுகள் தெரியும், தடித்த பூச்சு இருந்தால் மங்கும். புறஊதாவில் மேல்பரப்பு மட்டும்தான்: முதிர்ந்த பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், வார்னிஷுக்கு மேல் அண்மையில் தொட்ட இடம் கருந்திட்டாகத் தெரியும்.

ஆகவே கணினி உருவாக்கிய படத்தில் வடிவத்துக்குச் சான்று வலுவாக உண்டு. நிறத்துக்கு அப்படி அல்ல. மூடப்படாத தோள், கை, முகம் ஆகியவற்றின் நிறத்தைக் கொண்டு மூடிய இடத்தை ஊகிக்க வேண்டியதுதான். அது நேர்மையான ஊகம், ஆனாலும் ஊகம்.

---

செந்தூரம்

அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஊகப் படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு 'ஆர்தெமீசியாவை மீட்டுவிட்டோம்' என்று பார்வையாளர் எண்ணும்படி விடுவது எப்படி முறையாகும்? உண்மையான பூச்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முழுதாக எடுக்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். சோதனைச் சன்னல் ஒன்று திறக்கக் கூடாதா? 5 மி.மீ.க்கு 5 மி.மீ. போதும். உடலின் மேல் வேண்டாம். துணியின் நுனி பின்னணி வானத்தின் மேல் விழும் இடத்தில்.

---

கித்தான்

அதை எதிர்க்க மாட்டேன், இரண்டு நிபந்தனையோடு.

ஒன்று, அடுக்கு வெட்டு மாதிரி முதலில். அதில் வார்னிஷ் கோடு தெரியாவிட்டால் சன்னலே வேண்டாம். இரண்டு, வானத்தில் வெற்றி கிடைத்தால் சதையிலும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வானத்தின் நீலத்தில் பூச்சின் அமைப்பு ஒன்று, சதையின் நிழலில் வேறு. பின்னணியில் மணியாக நடந்த வேலை அடுத்த விரற்கடையில் கிளேஸைத் தேய்த்துவிட்ட படங்கள் 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளில் ஏராளம். நிழல் போய் அடிப்பூச்சின் பழுப்பு தெரியும் முகங்களை எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் காணலாம்; நுண்ணிய பார்வை வேண்டும், அவ்வளவுதான்.

லேசர் பற்றி யாராவது கேட்பதற்கு முன்: எர்பியம் லேசரால் பழைய வார்னிஷையும் மேற்பூச்சையும் மேலிருந்து மெலிதாக்கும் சோதனைகள் நடக்கின்றன. அது மேற்பரப்பை மைக்ரான் கணக்கில் தளர்த்தும், கடைசி அடுக்கைக் கையால்தான் எடுக்க வேண்டும். கல்லைச் சுத்தம் செய்யும் நியோடிமியம் லேசரை ஓவியத்தில் வைத்தால் ஈய வெள்ளை உட்படச் சில நிறமிகள் கருத்துவிடும். கெட்டியான ஜெல்களும் வந்திருக்கின்றன. ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்களே அதில் முன்னணி. ஜெல் கரைப்பானைப் பிடித்துவைத்து மெல்ல விடும், ஆழமாக இறங்கவிடாது. வார்னிஷ் எடுக்க அருமையான கருவி. எண்ணெயிலிருந்து எண்ணெயைப் பிரிக்க அதுவும் போதாது.

30 ஆண்டு கழித்து வேறு கருவி வரலாம். வோல்தெர்ரானோ அதுவரை காத்திருப்பார். இன்று கைவைத்துக் கெடுத்தால் அந்தக் கருவி வரும்போது காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

---

தாழ்வாரம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஆய்வகத்துக்குள் நிற்கிறீர்கள். அந்தக் கூடத்துக்குள் நுழையும் பார்வையாளர் என்ன கேட்டு வெளியே போகிறார் என்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

ஆர்தெமீசியா பற்றிய சுற்றுலா எங்கே நடந்தாலும் வழிகாட்டி முதல் பத்து நிமிடத்தை 1612ஆம் ஆண்டு வழக்குக்குக் கொடுத்துவிடுகிறார். ஓவியர் அகோஸ்தீனோ தாசி ஆர்தெமீசியாவைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியது, ஆர்தெமீசியாவின் விரலிலேயே கயிறு சுற்றி இறுக்கி நடந்த விசாரணை. அது மறைக்கக்கூடாத உண்மை. ஆனால் அதன்பின் எந்தப் படத்தின் முன் நின்றாலும் 'பழிவாங்கினார்' என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுகிறார்கள். 'உள்ளார்ந்த நாட்டம்' அந்தச் சட்டகத்துக்குள் அடங்காது. இதில் கத்தி இல்லை, இரத்தம் இல்லை. மைக்கேலாஞ்சலோவின் தம்பி பேரன் ஒருவர், ஊருக்குப் புதிதாக வந்த ஓர் இளம்பெண்ணின் திறமையை மதித்து, மற்றவர்களைவிட மும்மடங்கு கொடுத்து வாங்கிய படம். அதைச் சொல்லாமல் மேலே கைகாட்டி 'துணியைப் பாருங்கள்' என்றால் பார்வையாளர் மனதில் வோல்தெர்ரானோதான் நிற்பார்.

நடைமுறையில் நான் சொல்வது: முதலில் திசைகாட்டியைக் காட்ட வேண்டும், பிறகு விண்மீனை, பிறகு முகத்தை. பிறகு மூடாத தோளில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தோல் எப்படித் திரும்புகிறது என்று இரண்டு நிமிடம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணை அப்புறம் துணிக்குக் கொண்டுபோனால், இரண்டு தூரிகை வேறு வேறு என்று பார்வையாளரே கண்டுகொள்வார். யாரும் சொல்லத் தேவையில்லை. மடிப்பின் வெள்ளை மேடாக வந்து ஒளியை வாங்கும்; தோல் வழவழப்பாக உள்ளே இழுக்கும்.

இது விதான ஓவியம் என்பதும் முக்கியம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு வரைந்தது. ஆய்வகத்தில் நேர்நிறுத்தி எடுத்த கூர்மையான படத்தைத் திரையில் பார்த்து வாதாடும் நமக்கு அந்தத் தூரமும் கோணமும் மறந்துவிடுகின்றன.

---

படிகக்கல்

விதானம் என்றதும் ஒன்று. முகம் கீழ்நோக்கித் தொங்கும் கித்தான் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். பின்புறத்தில் தூசியும் உதிரும் சுண்ணமும் குவிந்து எடையைக் கூட்டும். கீழே நூற்றாண்டுக்கணக்கில் மெழுகுவர்த்திப் புகை. தடித்த பூச்சு உள்ள இடமும் மெல்லிய பூச்சு உள்ள இடமும் ஈரப்பத மாற்றத்துக்கு ஒன்றுபோல் அசைவதில்லை. எல்லைக்கோட்டில் இழுபறி ஏற்படும். துணியின் விளிம்பு நெடுகிலும் பூச்சு தூக்குகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் காலமுறைப்படி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துணியை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தால் அதற்கான வேலை இது. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, மேலும் கீழும் 5க்குள். வெளிச்சம் 150 முதல் 200 லக்ஸ். விட்டுவைத்தோம், முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது.

---

மண்டபத்தூண்

கித்தான் அவர்கள் விளக்கம் தெளிவு. சுதைக்கு உடல் உண்டு, பூச்சுக்கு இல்லை என்பது புரிந்தது. தஞ்சை ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று: தஞ்சையில் உரித்தெடுத்த நாயக்கர் ஓவியங்களைக் கோவில் வளாகத்திலேயே தனியாகக் காட்சிக்கு வைத்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று பார்வையாளருக்குத் தெரிகிறது. இங்கே துணியை யார் சொல்லி யார் வரைந்தார் என்பது படத்தின் அருகிலேயே எழுதப்பட வேண்டும்.

---

தாழ்வாரம்

பெயர்ப்பலகைக்கு ஒரு வாசகம் போடுகிறேன், திருத்துங்கள்.

'உள்ளார்ந்த நாட்டம். கித்தானில் எண்ணெய் வண்ணம், 1615–16. ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கி. உடலின் மேல் உள்ள துணி 1684 வாக்கில் வோல்தெர்ரானோ சேர்த்தது.'

---

செந்தூரம்

போதாது. 'சேர்த்தது' என்று மட்டும் எழுதினால் அழகுக்காகச் சேர்த்தார் என்று படிப்பார்கள். லியோனார்தோ புவொனரோத்தி கேட்டுக்கொண்டதால், உடலை மறைப்பதற்காக என்று காரணம் வர வேண்டும். ஆர்தெமீசியாவின் பெயர் முதல் வரியில் வர வேண்டும். கணினிப் படத்தின் அடியில் 'வடிவம் எக்ஸ்ரேயிலிருந்து, நிறம் ஊகம்' என்று தனியாக இருக்க வேண்டும்.

---

கித்தான்

மூன்றும் சரி. இன்னொரு வரி சேர்க்கலாம்: 'இரண்டு பூச்சும் எண்ணெய் என்பதால் மேலதை நீக்கினால் கீழது சேதமாகும், ஆகவே நீக்கவில்லை.' ஏன் விட்டார்கள் என்று தெரியாமல் போகும் பார்வையாளர், கூச்சம் இன்னும் தொடர்கிறது என்று நினைத்துவிடுவார்.

---

செந்தூரம்

அந்த வரியில் 'இன்றுள்ள முறைகளால்' என்று சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன்.

---

கித்தான்

சேர்த்துக்கொள்ளுங்கள்.